ஆங்கில ஒப்பீட்டுச் சொற்கள்: 'விட' என்று தமிழில் நினைத்து ஆங்கிலத்தில் பேசுபவர்களின் கேள்விகள்

மாலை வேளைகளில் பெரியவர்களுக்கு ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். கடைகளிலும் அலுவலகங்களிலும் வேலை பார்ப்பவர்கள் வருகிறார்கள். பிள்ளைகளுக்கு வீட்டில் பாடம் சொல்லித்தர நினைக்கும் அம்மாக்களும் வருகிறார்கள். யாராக இருந்தாலும், ஒன்றோடு ஒன்றை ஒப்பிட்டுப் பேசும் பாடம் வந்ததும் கேள்விகள் குவியும். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

ஆங்கிலச் சொற்களை உச்சரிப்பின்படி தமிழ் எழுத்தில், ஒற்றை மேற்கோளுக்குள் கொடுத்திருக்கிறேன். வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே படியுங்கள். 'தேன்' என்று வருவது டி-ஹெச்-ஏ-என் என்று எழுதும் சொல். 'மோர்' என்று வருவது எம்-ஓ-ஆர்-ஈ. இந்த இரண்டும்தான் தமிழில் எழுதும்போது வேறு பொருள் தந்து குழப்பும். மற்றவை எளிதில் பிடிபடும்.

ஒப்பீட்டுச் சொல் என்றால் என்ன?

இரண்டு பொருள்களை ஒரு குணத்தில் வைத்துப் பார்த்து, எதில் அது கூடுதல் என்று சொல்லும் சொல். பள்ளியில் 'டிகிரீஸ் ஆஃப் கம்பேரிசன்' என்று படித்திருப்போம். 'பிக்' என்பது பாசிட்டிவ், 'பிக்கர்' கம்பேரட்டிவ், 'பிக்கஸ்ட்' சூப்பர்லேட்டிவ். பெரிய, அதைவிடப் பெரிய, எல்லாவற்றிலும் பெரிய. இங்கே பெரும்பாலும் நடுவில் உள்ள கம்பேரட்டிவைப் பற்றித்தான் பேசப்போகிறோம், தவறுகள் அங்கேதான் அதிகம்.

தமிழில் 'விட' என்று ஒரு சொல் போட்டால் வேலை முடிகிறது. ஆங்கிலத்தில் மட்டும் ஏன் இத்தனை சிக்கல்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. இதற்குப் பதில் புரிந்துவிட்டால், கீழே வரும் தவறுகளில் பாதி தானாகவே விலகிவிடும்.

'அண்ணன் வீடு எங்கள் வீட்டை விடப் பெரியது' என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். இதில் 'எங்கள் வீட்டை விட' என்பதை எடுத்துவிடுங்கள். 'அண்ணன் வீடு பெரியது' என்று நிற்கும். 'பெரியது' என்ற சொல்லில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. தமிழில் குணத்தைச் சொல்லும் சொல் ஒப்பீட்டுக்காக உருமாறுவதே இல்லை. ஒப்பீட்டின் முழுப் பாரத்தையும் 'விட' சுமக்கிறது. அந்தச் சொல்லும் 'விடு' என்ற வினையிலிருந்து வந்ததுதான். எங்கள் வீட்டை ஒருபுறம் விட்டுவிட்டுப் பார்த்தால் அண்ணன் வீடு பெரியது என்பது உள்ளே இருக்கும் படம். 'காட்டிலும்' என்பதில் காட்டுதலும், 'பார்க்கிலும்' என்பதில் பார்த்தலும் இருக்கின்றன.

பழந்தமிழிலும் இதே கதைதான். காலத்தில் செய்த உதவியைப் பற்றி 'ஞாலத்தின் மாணப் பெரிது' என்கிறது 102ஆவது குறள். 'ஞாலத்தின்' என்பதில் உள்ள 'இன்' ஐந்தாம் வேற்றுமை உருபு. 'உலகத்தை விட' என்ற பொருளைத் தருகிறது. 'மாண' என்பது எவ்வளவு கூடுதல் என்பதைச் சொல்கிறது. 'பெரிது' அப்போதும் 'பெரிது'தான்.

ஆங்கிலத்தில் பாரம் இரண்டு இடத்தில் இறங்குகிறது. குணச்சொல்லில் ஒரு முடிச்சு, 'தேன்' என்ற சொல்லில் இன்னொரு முடிச்சு. 'ஹிஸ் ஹவுஸ் இஸ் பிக்கர் தேன் அவர்ஸ்.' 'பிக்கர்' ஒன்று, 'தேன்' ஒன்று. தமிழ்ப் பழக்கத்தில் இருப்பவர் 'தேன்' போட்டதும் வேலை முடிந்தது என்று நினைத்து 'பிக் தேன்' என்று சொல்லிவிடுகிறார். அதை யாராவது திருத்தினால், அடுத்த முறை பயத்தில் ஒரு முடிச்சு கூடுதலாகப் போட்டு 'மோர் பிக்கர் தேன்' என்கிறார். இரண்டு தவறுக்கும் வேர் ஒன்றுதான். அவருடைய மூளையில் எந்தக் குறையும் இல்லை. தாய்மொழியின் கட்டமைப்பு அவருக்குள் உறுதியாக இருக்கிறது, அவ்வளவுதான். என் வகுப்புக்கு வருபவர்களிடம் முதல் நாளே இதைச் சொல்லிவிடுவேன், முகத்தில் உடனே ஒரு தெளிவு தெரியும்.

எப்போது ஈ-ஆர் சேர்ப்பது, எப்போது முன்னால் 'மோர்' போடுவது?

சொல்லின் நீளத்தைப் பொறுத்தது. நீளத்தை எழுத்துகளால் அளக்காதீர்கள், ஒலியால் அளக்க வேண்டும். தாடைக்குக் கீழே புறங்கையை வைத்துக்கொண்டு சொல்லைச் சொல்லுங்கள். 'பிக்' என்றால் தாடை ஒருமுறை கையில் படும். 'ஹேப்பி' இரண்டு முறை. 'பியூட்டிஃபுல்' மூன்று முறை. ஒவ்வொரு முறையையும் ஓர் அசை என்று வைத்துக்கொள்வோம்.

ஓரசைச் சொல்லுக்கு ஈ-ஆர்: 'சீப்பர்', 'ஓல்டர்', 'ஃபாஸ்டர்', 'கூலர்'. மூன்றும் அதற்கு மேலும் இருந்தால் 'மோர்': 'மோர் எக்ஸ்பென்சிவ்', 'மோர் இம்பார்ட்டன்ட்', 'மோர் கம்ஃபர்டபிள்'. இதுவரை தகராறு இல்லை.

இரண்டசைச் சொற்களில்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது. 'இ' ஒலியில் முடியும் 'ஹேப்பி', 'ஈஸி', 'ஹெவி', 'பிஸி' போன்றவை ஈ-ஆர் எடுக்கும். 'சிம்பிள்', 'நேரோ', 'கிளெவர்', 'குவையட்' போன்ற சொற்களில் இரண்டு வழியும் நடக்கும். 'சிம்ப்ளர்' என்றாலும் 'மோர் சிம்பிள்' என்றாலும் யாரும் தவறு சொல்ல மாட்டார்கள், ஆனால் காதில் அதிகம் விழுவது 'சிம்ப்ளர்'. மற்ற இரண்டசைச் சொற்களுக்கு, 'மாடர்ன்', 'யூஸ்ஃபுல்', 'கேர்ஃபுல்', 'ஃபேமஸ்' போன்றவற்றுக்கு, 'மோர்' போட்டுவிடுங்கள்.

விலக்குகளும் உண்டு. 'டயர்டு', 'போர்டு' என்று வினையிலிருந்து பிறந்த குணச்சொற்கள் குட்டையாக இருந்தாலும் 'மோர் டயர்டு', 'மோர் போர்டு' என்றுதான் வரும். 'ராங்', 'ரியல்', 'ஃபன்' ஆகியவையும் அப்படியே. எதிர்ப்பக்கம், 'அன்ஹேப்பி' மூன்றசையாக இருந்தும் 'அன்ஹேப்பியர்' ஆகும், உள்ளே இருக்கும் 'ஹேப்பி' தன் பழக்கத்தை விடுவதில்லை.

இன்னொரு நுட்பமும் உண்டு. ஒரே ஆளின் இரண்டு குணங்களை ஒப்பிட்டால், சொல் எவ்வளவு குட்டையாக இருந்தாலும் 'மோர்' வரும். 'அவளுக்குக் கோபத்தை விட வருத்தம்தான் அதிகம்' என்பதற்கு 'ஷி இஸ் மோர் சேட் தேன் ஆங்ரி'. அங்கே 'சேடர்' வராது.

எழுதும்போது சில இடங்களில் எழுத்து இரட்டிக்கிறதே?

'பிக்', 'ஹாட்', 'தின்' போல ஒற்றை உயிரெழுத்துக்குப் பின் ஒற்றை மெய்யெழுத்தில் முடியும் குட்டைச் சொற்களில் கடைசி எழுத்து இரட்டிக்கும். 'ஹாட்டர்' என்பதில் இரண்டு டி. உயிரெழுத்து இரண்டாக இருந்தால் இரட்டிக்காது. 'சீப்பர்' என்பதில் ஒரே பி. ஏற்கெனவே ஈ-யில் முடிந்தால் ஆர் மட்டும் போதும். ஒய்-யில் முடிந்தால் அது ஐ ஆகி, பிறகு ஈ-ஆர் சேரும்.

'மோர் பெட்டர்' என்று எல்லோரும் சொல்கிறார்களே, அது தவறா?

தவறுதான். அது எப்படி வருகிறது என்பதைச் சொல்கிறேன்.

ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் ஓர் இளைஞர் என் வகுப்புக்கு வந்தார். வடமாநில வாடிக்கையாளர்களிடம் ஆங்கிலத்தில் பேச வேண்டியிருந்தது. இரண்டு காட்டன் புடவைகளை மேசையில் விரித்துக் காட்டுவதைப் போலவே வகுப்பில் கையை விரித்து, 'திஸ் ஒன் இஸ் மோர் பெட்டர், மேடம்' என்று சொல்லிக் காட்டினார். அவர் மனதில் ஓடிய தமிழைக் கேட்டேன். 'இது இன்னும் நல்லா இருக்கும்மா' என்றார். அந்த 'இன்னும்' என்ற சொல்தான் 'மோர்' ஆகியிருக்கிறது. 'நல்லா' என்பதற்கு அவருக்குத் தெரிந்த சொல் 'பெட்டர்'. தமிழ் வாக்கியம் துல்லியமானது. ஆங்கிலத்தில் 'பெட்டர்' என்ற சொல்லுக்குள்ளேயே அந்த 'இன்னும்' அடங்கியிருக்கிறது என்பது மட்டும் அவருக்குத் தெரியவில்லை.

அழுத்தம் வேண்டும் என்றால் 'மச் பெட்டர்', 'ஈவன் பெட்டர்', 'எ லாட் பெட்டர்' என்று சொல்லலாம். அவருக்கு வேண்டியிருந்தது 'ஈவன் பெட்டர்'. தமிழ் 'இன்னும்' என்பதற்கு மிக நெருக்கமான சொல் இந்த 'ஈவன்'தான்.

ஒரு காலத்தில் ஆங்கிலேயர்களே இப்படி இரட்டை முடிச்சு போட்டவர்கள். ஷேக்ஸ்பியரின் ஜூலியஸ் சீசர் நாடகத்தில் ஆண்டனி, சீசரின் உடலில் விழுந்த ஒரு குத்தைப் பற்றி 'மோஸ்ட் அன்கைண்டஸ்ட்' என்று சொல்கிறான். 'மோஸ்ட்' ஒன்று, ஈ-எஸ்-டி ஒன்று. அந்தக் காலத்தில் அது அழுத்தம் கொடுக்கும் முறை. பிற்பாடு இலக்கணம் எழுதியவர்கள் அதை ஒதுக்கினார்கள். இன்று தேர்விலும் அலுவலகக் கடிதத்திலும் அதற்கு இடமில்லை.

'குட்' எப்படி 'பெட்டர்' ஆனது? 'பேட்' ஏன் 'பேடர்' ஆகவில்லை?

'குட்', 'பெட்டர்' இரண்டும் வேறு வேறு வேரிலிருந்து வந்தவை. 'பெட்டர்' என்பதன் வேர் திருத்தம், நிவாரணம் என்ற பொருள் கொண்ட ஒரு பழஞ்சொல்லோடு உறவுள்ளது. ஒருவர் தினமும் புழங்கும் சொற்களில் இப்படி இரு குடும்பங்கள் ஒன்றாகிவிடுவது பல மொழிகளில் நடக்கிறது. மிக அதிகமாகப் புழங்குவதால்தான் இவை விதிக்குள் வராமல் தப்பித்தன. அரிதாகப் பேசும் சொல்லாக இருந்தால் எப்போதோ எல்லோரும் மறந்து, ஈ-ஆர் ஒட்டியிருப்பார்கள்.

'பேட்' என்பதற்குக் கம்பேரட்டிவாக வரும் 'வொர்ஸ்' பழைய ஆங்கிலத்திலேயே ஒப்பீட்டு வடிவம். பார்வைக்கு ஈ-ஆர் இல்லாததால், இது ஒப்பீட்டுச் சொல்தானா என்ற சந்தேகம் ஆங்கிலேயருக்கே வந்து, 'வொர்சர்' என்றும் சில காலம் சொல்லிப் பார்த்தார்கள். அது இப்போது வழக்கில் இல்லை. 'லெஸ்' விஷயத்தில் அந்த இரண்டாவது முடிச்சு தங்கிவிட்டது: 'லெஸர்' இன்றும் நல்ல ஆங்கிலம்.

இந்தக் கூட்டத்தில் எனக்கு மிகப் பிடித்தது 'நியர்'. பக்கத்தில் என்ற பொருளில் 'நை' என்று ஒரு பழைய சொல் உண்டு. அதன் கம்பேரட்டிவ்தான் 'நியர்', சூப்பர்லேட்டிவ் 'நெக்ஸ்ட்'. பக்கம், அதைவிடப் பக்கம், எல்லாவற்றிலும் பக்கம். காலப்போக்கில் 'நை' தேய்ந்துபோக, 'நியர்' என்பதை வெறும் 'பக்கம்' என்று மக்கள் எடுத்துக்கொண்டு, அதன்மேல் மறுபடி ஈ-ஆர் போட்டு 'நியரர்' என்றார்கள். அதாவது 'மோர் பெட்டர்' செய்த வேலையையே 'நியரர்' செய்திருக்கிறது. அதை எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள்.

'மோர்', 'மோஸ்ட்' என்ற சொற்களை உற்றுப் பாருங்கள். ஒன்றில் ஆர் ஒலி, மற்றதில் எஸ்-டி. அவையே ஒரு பழைய சொல்லின் கம்பேரட்டிவும் சூப்பர்லேட்டிவும்தான். ஆகவே 'மோர் பிக்கர்' என்பதில் ஒரே ஒலி இரண்டு முறை வருகிறது.

'வெரி பிக்கர்' என்று சொல்லலாமா?

கூடாது. இதுவும் தமிழ் வழியாக வரும் தவறு. நமக்கு 'ரொம்ப' ஒன்றுதான். 'ரொம்பப் பெரியது', 'அதைவிட ரொம்பப் பெரியது' என்று இரண்டிலும் ஒரே சொல் வரும். ஆங்கிலம் இதைப் பிரித்து வைத்திருக்கிறது. ஒப்பீடு இல்லாத 'பிக்' என்பதற்கு 'வெரி'. ஒப்பீடான 'பிக்கர்' என்பதற்கு 'மச்' அல்லது 'ஃபார்'. கொஞ்சம்தான் வித்தியாசம் என்றால் 'எ லிட்டில்' அல்லது 'ஸ்லைட்லி'.

வித்தியாசம் எவ்வளவு என்று எண்ணால் சொல்ல வேண்டுமா? அதை ஒப்பீட்டுச் சொல்லுக்கு முன்னால் வையுங்கள். தொட்டபெட்டாவின் உயரம் 2,637 மீட்டர், ஆனைமுடி 2,695 மீட்டர். 'ஆனைமுடி இஸ் ஃபிஃப்டி எய்ட் மீட்டர்ஸ் ஹையர் தேன் தொட்டபெட்டா.' தமிழிலும் '58 மீட்டர் உயரம்' என்று எண் முன்னால்தான் வரும், ஆகவே இந்த இடத்தில் தாய்மொழி நமக்குத் துணை. 'ஷி இஸ் டூ இயர்ஸ் ஓல்டர் தேன் மீ' என்பதும் இப்படித்தான்.

மடங்கு கணக்கை எப்படிச் சொல்வது?

காவிரி சுமார் 800 கிலோமீட்டர், வைகை 258 கிலோமீட்டர். ஏறக்குறைய மூன்று மடங்கு. 'த காவேரி இஸ் அபவுட் த்ரீ டைம்ஸ் ஆஸ் லாங் ஆஸ் த வைகை' என்று சொல்வது பாதுகாப்பானது. 'த்ரீ டைம்ஸ் லாங்கர்' என்றும் பலர் சொல்கிறார்கள். ஆனால் மூன்று மடங்கு 'கூடுதல்' என்று எடுத்துக்கொண்டு நான்கு மடங்கு என்று கணக்குப் போடுபவர்களும் இருக்கிறார்கள்.

'சீனியர் தேன் மீ' என்று சொன்னதற்கு ஏன் திருத்தினார்கள்?

'சீனியர்', 'ஜூனியர்', 'சுப்பீரியர்', 'இன்ஃபீரியர்', 'பிரையர்' இவையெல்லாம் லத்தீனிலிருந்து வந்த ஒப்பீட்டுச் சொற்கள். முடிவில் இருக்கும் ஐ-ஓ-ஆர் என்பதுதான் லத்தீனில் ஈ-ஆர் செய்யும் வேலையைச் செய்கிறது. இவை 'தேன்' எடுப்பதில்லை, 'டு' எடுக்கும். 'ஹி இஸ் சீனியர் டு மீ.' 'மோர் சீனியர் டு' என்றும் தேர்வில் எழுத வேண்டாம். 'பிரிஃபர்' என்ற வினையும் இதே வழியில் போகும்: 'ஐ பிரிஃபர் காஃபி டு டீ.'

நம் பேச்சில் கலந்துவிட்ட 'மைனர்', 'மேஜர்' இரண்டும்கூட லத்தீன் ஒப்பீட்டுச் சொற்கள்தான். 'பையன் மேஜர் ஆயிட்டான்' என்று சொல்லும்போது, நாம் அறியாமலே ஒரு கம்பேரட்டிவைப் பயன்படுத்துகிறோம்.

'எல்டர்', 'ஓல்டர்' எது சரி?

இரண்டும் சரி, இடம் வேறு. குடும்பத்துக்குள் மூத்தவர் என்று சொல்ல 'எல்டர்', அதுவும் பெயருக்கு முன்னால்: 'மை எல்டர் பிரதர்'. 'தேன்' வரும் இடத்தில் 'ஓல்டர்' மட்டுமே: 'மை பிரதர் இஸ் ஓல்டர் தேன் மீ.' நம் ஊரில் 'எல்டர் டு மீ' பரவலாகக் காதில் விழும், அது 'சீனியர் டு' என்பதைப் பார்த்து வந்த பழக்கம். பேச்சில் புரிந்துவிடும், எழுத்தில் தவிர்த்துவிடுங்கள்.

இரண்டில் பழையது 'எல்டர்'. பழைய ஆங்கிலத்தில் ஒப்பீட்டு ஒட்டு சேரும்போது உள்ளே இருக்கும் உயிரொலி மாறியது; 'ஃபுட்' பன்மையில் 'ஃபீட்' ஆவதற்குப் பின்னால் இருப்பதும் அதே மாற்றம். 'ஓல்டர்' பிற்காலத்தில் புதிதாகக் கட்டிக்கொண்டது. அண்ணன், அக்கா என்று மூத்தவருக்குத் தனிச்சொல் வைத்திருக்கும் நமக்கு 'எல்டர்' மேல் ஓர் ஒட்டுதல் வருவது இயல்புதான்.

'தேன் மீ'யா, 'தேன் ஐ'யா?

பேச்சில் 'தேன் மீ'. இன்றைய இயல்பான ஆங்கிலம் அதுதான். 1762இல் ராபர்ட் லவுத் என்ற பாதிரியார் எழுதிய இலக்கண நூல், 'தேன்' என்பதற்குப் பின் ஒரு வாக்கியம் மறைந்திருக்கிறது, அதில் எது எழுவாயோ அதற்கேற்ற வடிவம் வர வேண்டும் என்று வாதிட்டது. அந்தக் கணக்கில் 'தேன் ஐ'. சிக்கல் வேண்டாம் என்றால் மறைந்ததை வெளியே கொண்டுவந்து 'தேன் ஐ ஆம்' என்று முடித்துவிடுங்கள், யாரும் குறை சொல்ல முடியாது.

சில இடங்களில் வெளியே கொண்டுவருவது கட்டாயம். 'ஷி லைக்ஸ் டாக்ஸ் மோர் தேன் மீ' என்றால், என்னைப் பிடிப்பதை விட நாய்களை அதிகம் பிடிக்கும் என்றும் ஆகும், நான் நாய்களை விரும்புவதை விட அவள் அதிகம் விரும்புகிறாள் என்றும் ஆகும். இரண்டாவதைச் சொல்ல 'தேன் ஐ டூ' என்று முடியுங்கள். தமிழில் 'என்னை விட' என்று சொல்லும்போதும் இதே மயக்கம் உண்டு.

'தேன்', 'தென்' இரண்டையும் மாற்றி எழுதிவிடுகிறேனே?

ஒப்பீட்டுக்கு ஏ, 'அப்புறம்' என்ற பொருளுக்கு ஈ. இரண்டும் ஒரே சொல்லிலிருந்து பிரிந்தவை. சுமார் 1700 வரை எழுத்துக்கூட்டலும் கலந்தே கிடந்தது. 'கம்பேரிசன்' என்ற சொல்லிலும் ஏ இருக்கிறது என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

'எனி அதர்' என்பதில் அந்த 'அதர்' எதற்கு? விட்டால் என்ன?

'ஜூபிட்டர் இஸ் பிக்கர் தேன் எனி பிளானெட்' என்று சொன்னால், வியாழனும் ஒரு கோள்தானே? வியாழன் தன்னைவிடவும் பெரியது என்று ஆகிவிடும். 'எனி அதர் பிளானெட்' என்றால் தன்னை நீக்கிய மற்றவை. தமிழில் 'வேறெந்தக் கோளையும் விட' என்று 'வேறு' போட்டுச் சொல்கிறோமே, அதே 'வேறு'தான் இந்த 'அதர்'. வேறு கூட்டத்தோடு ஒப்பிட்டால் 'அதர்' வேண்டாம்: 'ஜூபிட்டர் இஸ் பிக்கர் தேன் எனி மூன்.' வியாழன் நிலவு அல்லவே.

இதற்குப் பக்கத்திலேயே இன்னொரு குழி இருக்கிறது. 'த கிளைமேட் ஆஃப் ஊட்டி இஸ் கூலர் தேன் மதுரை.' இங்கே ஊட்டியின் தட்பவெப்பத்தை மதுரை என்ற ஊரோடு ஒப்பிட்டுவிட்டோம். 'தேன் தட் ஆஃப் மதுரை' என்று சொல்ல வேண்டும். தமிழில் 'ஊட்டியின் குளிர் மதுரையை விட அதிகம்' என்று பேசினால் யாரும் தடுப்பதில்லை, கேட்பவர் நிரப்பிக்கொள்வார். ஆங்கில எழுத்தில் நிரப்பும் வேலையை எழுதுபவரே செய்ய வேண்டும். போட்டித் தேர்வுகளில் தவறைக் கண்டுபிடிக்கச் சொல்லும் பகுதியில் இந்த இரண்டும் பழகிய முகங்கள்.

ஒரு டிகிரியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றச் சொன்னால்?

ஒருவர் மட்டுமே உச்சியில் இருந்தால்: 'ஜூபிட்டர் இஸ் த பிக்கஸ்ட் பிளானெட்.' கம்பேரட்டிவில் 'பிக்கர் தேன் எனி அதர் பிளானெட்'. பாசிட்டிவில் 'நோ அதர் பிளானெட் இஸ் ஆஸ் பிக் ஆஸ் ஜூபிட்டர்'.

உச்சியில் பலர் இருந்தால்: 'மதுரை இஸ் ஒன் ஆஃப் தி ஓல்டஸ்ட் சிட்டீஸ் இன் இந்தியா.' கம்பேரட்டிவில் 'ஓல்டர் தேன் மோஸ்ட் அதர் சிட்டீஸ்'. பாசிட்டிவில் 'வெரி ஃபியூ சிட்டீஸ் இன் இந்தியா ஆர் ஆஸ் ஓல்ட் ஆஸ் மதுரை'. 'ஒன் ஆஃப் த' வந்தால் பின்னால் வரும் பெயர் பன்மை. 'சிட்டி' என்று ஒருமையில் எழுதி மதிப்பெண் இழப்பவர்கள் நிறைய.

இரண்டே பேர் இருந்தால் இலக்கணப்படி கம்பேரட்டிவ்தான், முன்னால் 'த' போட்டு: 'த யங்கர் ஆஃப் த டூ சிஸ்டர்ஸ்.'

சமமாக இருந்தால்?

'ஆஸ்... ஆஸ்'. நடுவில் குணச்சொல் மாறாமல் நிற்கும். 'ஆஸ் பிக்கர் ஆஸ்' வராது, 'ஆஸ் பிக் தேன்' என்பதும் வராது. எதிர்மறையில் 'நாட் ஆஸ் குட் ஆஸ்' மரியாதையான வழி. ஒருவருடைய சமையலைப் பற்றி 'வொர்ஸ்' என்று சொன்னால் மனம் புண்படும். 'நாட் ஆஸ் குட் ஆஸ் யுவர் மதர்ஸ்' என்றால் 'அம்மா கை மாதிரி இல்லை' என்று சொல்வது போலத்தான்.

'லெஸ்', 'ஃபியூவர்' வேறுபாடு கட்டாயமா?

எண்ணக்கூடியதற்கு 'ஃபியூவர்', எண்ண முடியாததற்கு 'லெஸ்' என்பது பாடநூல் விதி. 'ஃபியூவர் பஸ்ஸஸ்', 'லெஸ் வாட்டர்'. நமக்கு இரண்டுக்கும் 'குறைவு'தான். இந்த விதியின் தொடக்கம் 1770இல் ராபர்ட் பேக்கர் என்பவர் தனக்கு எது நயமாகப் படுகிறது என்று எழுதியதில் இருக்கிறது. அதற்கு முன் பல நூற்றாண்டுகள் 'லெஸ்' இரண்டு வேலையையும் பார்த்து வந்தது. பிரிட்டனில் டெஸ்கோ கடைகளில் 'டென் ஐட்டம்ஸ் ஆர் லெஸ்' என்று இருந்த பலகையைப் பற்றி விவாதம் எழுந்து, 2008இல் 'அப் டு டென் ஐட்டம்ஸ்' என்று மாற்றினார்கள். தேர்விலும் அலுவலக எழுத்திலும் விதியைப் பின்பற்றுங்கள். பணம், தூரம், நேரம் எண்ணிக்கையாக வந்தாலும் 'லெஸ்': 'லெஸ் தேன் ஃபைவ் ஹண்ட்ரட் ருப்பீஸ்.'

'த மோர், த மெரியர்' மாதிரியான வாக்கியத்தில் 'த' எப்படி வந்தது?

அது நாம் அறிந்த 'த' அல்ல. பழைய ஆங்கிலத்தில் 'அதனால்', 'அந்த அளவுக்கு' என்ற பொருள் தந்த ஒரு வேற்றுமை வடிவம் தேய்ந்து தேய்ந்து 'த' போலவே ஒலிக்கத் தொடங்கிவிட்டது. எவ்வளவுக்கு எவ்வளவு, அவ்வளவுக்கு அவ்வளவு என்பதுதான் அதன் உள்பொருள்.

தமிழில் இதற்கு வினையை இரட்டித்தால் போதும்: படிக்கப் படிக்க, தோண்டத் தோண்ட. மணற்கேணி தோண்டும் அளவுக்கு ஊறும், அறிவு கற்கும் அளவுக்கு ஊறும் என்று சொல்லும் 396ஆவது குறள், 'தொட்டனைத்து', 'கற்றனைத்து' என்று இரண்டு சொற்களில் இந்த முழு அமைப்பையும் தாங்கியிருக்கிறது. ஆங்கிலத்தில் 'த மோர் யூ டிக், த மோர் வாட்டர் யூ கெட். த மோர் யூ ரீட், த மோர் யூ நோ' என்று சொல்லிப் பாருங்கள். இந்த அமைப்பில் 'தேன்' வராது. இரண்டு பக்கமும் 'த' போட்டு, உடனே ஒப்பீட்டுச் சொல்லை வைக்க வேண்டும். 'வென் யூ ரீட் மோர், த மோர் யூ நோ' என்று பாதியும் பாதியுமாகக் கலக்காதீர்கள்.

'தேன்' இல்லாமலும் கம்பேரட்டிவ் வருகிறதே?

வரும், நிறைய. 'ஹையர் செகண்டரி' என்று தினமும் சொல்கிறோம். எதைவிட 'ஹையர்' என்று யாரும் கேட்பதில்லை, மேல்நிலை என்று தமிழிலும் நிலைத்துவிட்டது. 'லோயர் பெர்த்' இன்னொன்று. முதியவர்களை 'ஓல்ட் பீப்பிள்' என்று சொல்வதை விட 'ஓல்டர் பீப்பிள்' என்று சொன்னால் மென்மையாக இருக்கும். அங்கே ஒப்பீட்டு வடிவம் மரியாதைக்காக வருகிறது. விளம்பரங்களில் வரும் 'வைட்டர்', 'ஃப்ரெஷர்' ஆகியவற்றைக் கேட்டால் மட்டும், 'எதைவிட?' என்று ஒருமுறை மனதுக்குள் கேட்டுப் பாருங்கள். பதில் சொல்லாமலே விற்க முடிவதுதான் அந்த வடிவத்தின் வசதி.

'பர்ஃபெக்ட்', 'யுனீக்' போன்றவற்றுக்கு 'மோர்' போடலாமா?

முழுமை என்றால் முழுமைதான், அதில் கூடுதல் குறைவு கிடையாது என்பது கண்டிப்பான வாத்தியார்களின் நிலை. ஆனால் 1787இல் எழுதிய அமெரிக்க அரசியலமைப்பின் முகப்புரையிலேயே 'எ மோர் பர்ஃபெக்ட் யூனியன்' என்று இருக்கிறது. முழுமையை நோக்கி இன்னும் நெருங்கிய ஒன்றியம் என்று அதைப் படிக்க வேண்டும். தேர்வில் 'மோர் பர்ஃபெக்ட்' என்று வந்தால் தவறு என்று குறியுங்கள். சொந்த எழுத்தில் காரணம் தெரிந்து பயன்படுத்தினால் தடையில்லை.

வீட்டிலேயே பழக வழி உண்டா?

சமையலறையிலிருந்து ஒரு டம்ளர், ஒரு சொம்பு எடுத்து மேசையில் வையுங்கள். பத்து வாக்கியம் சொல்லுங்கள்: உயரம், எடை, வயது, விலை, பளபளப்பு. ஒவ்வொரு வாக்கியத்திலும் இரண்டு விரலை மடக்க வேண்டும். குணச்சொல் உருமாறியதா, ஒரு விரல். நீளமான சொல்லுக்கு முன்னால் 'மோர்' வந்ததா, அதற்கும் ஒரு விரல். 'தேன்' வந்ததா, இன்னொரு விரல். ஒரு விரல்தான் மடங்கியது என்றால் ஏதோ விட்டுப்போனது. மூன்று மடங்கினால் எங்கோ ஒரு 'மோர்' கூடுதலாக வந்திருக்கிறது. ஜவுளிக்கடை இளைஞர் இதைக் கடையில் கூட்டம் இல்லாத மதிய வேளையில் புடவைகளை மடித்துக்கொண்டே செய்வார். மூன்றாவது வாரத்தில் விரல் மடக்காமலே 'திஸ் இஸ் ஈவன் சாஃப்டர் தேன் தட் ஒன், மேடம்' என்று வகுப்பில் சொல்லிக் காட்டினார்.